தூசியளவில் ஒரு கணினி

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியரான கிரிஸ்டோஃபர் பிஸ்டர், 1990-களின் பிற்பகுதியில் தம் சக பேராசிரியர்களுடன் சேர்ந்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டார்பாவிடம் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சுற்றுப்புறத்தை அறியும் உணரி, அறிந்ததைக் கணக்கிடும் சில்லு, கணக்கிட்டதை வெளியே சொல்லும் தொடர்புக் கருவி, இவற்றை இயக்கும் மின்கலம் ஆகிய அனைத்தையும் ஒரு கன மில்லிமீட்டருக்குள், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மில்லிமீட்டரே உள்ள கட்டிக்குள், அடக்கிவிட முடியும் என்பதே அத்திட்டத்தின் சாரம். 'ஸ்மார்ட் டஸ்ட்', அதாவது அறிவுள்ள தூசி, என்று அதற்கு இடப்பட்ட பெயர் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நாளிதழ்களுக்கும் புனைகதைகளுக்கும் விரைவாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. பெயர் அடைந்த புகழைப் பொருள் நெருங்குவதற்கோ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த இருபது ஆண்டுகளில் பிஸ்டரும் அவருடைய மாணவர்களும் செய்த வேலைகளைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு பொருளைச் சிறிதாக்குவது இத்துறையில் எளிய பகுதி என்பதும், சிறிதான பின் அதற்கு ஆற்றல் ஊட்டுவது எப்படி என்பதே பொறியாளரை ஓயாமல் வாட்டும் கேள்வி என்பதும் தெரியவரும்.

நுண்கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959 டிசம்பரில் கால்டெக்கில் ஆற்றிய உரையிலிருந்து தொடங்கும். அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு அளவுக்குள் அடங்கும் மின்மோட்டாரைச் செய்து காட்டுவோருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று அவர் அறிவித்ததும், மறு ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்னும் பொறியாளர் நுண்ணோக்கியின் கீழ்க் கையாலேயே அதைச் செய்து கொண்டுவந்ததும் பலரும் அறிந்த கதை. புதிய உற்பத்தி முறை ஒன்று பிறக்கும் என்று எதிர்பார்த்திருந்த ஃபைன்மனுக்கு அந்த மோட்டார் ஏமாற்றமளித்தது. பழைய முறையிலேயே ஒருவர் பொறுமையால் வென்றுவிட்டார். அவர் எதிர்பார்த்த புதிய முறை, கணினிச் சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலைகளில் உருவாகிக்கொண்டிருந்தது. மின்சுற்றுகளுக்கென்றே பயன்பட்டுவந்த சிலிக்கானுக்கு இயந்திர உறுப்புகளுக்கு வேண்டிய வலிமையும் மீள்தன்மையும் உண்டு என்பதை ஐபிஎம் நிறுவனத்தின் கர்ட் பீட்டர்சன் 1982-இல் ஒரு விரிவான கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதே காலத்தில் பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லரும் அவருடைய மாணவர் ரோஜர் ஹோவும், சிலிக்கான் தகட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இட்டு அசையும் உறுப்புகளை உண்டாக்கும் வழியை வகுத்தனர்.

அவ்வழியின் நுட்பத்தைச் சற்று விளக்குவது அவசியம், ஏனெனில் பிஸ்டரின் முதல் பங்களிப்பு அதன்மீதே எழுந்தது. வழவழப்பான சிலிக்கான் தகட்டின்மேல் முதலில் கண்ணாடியை ஒத்த சிலிக்கான் ஆக்சைடு படலம் ஒன்று இடப்படுகிறது. அதன்மேல் சிலிக்கான் படலம் இடப்பட்டு, ஒளியின் உதவியால் வேண்டிய வடிவத்தில் செதுக்கப்படுகிறது. இறுதியில் தகடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் தோய்க்கப்படும்போது, அமிலம் சிலிக்கானைத் தொடாமல் ஆக்சைடை மட்டும் கரைத்துவிடுவதால், கரைந்துபோன படலம் இருந்த இடம் வெற்றிடமாகி, மேலிருந்த உறுப்பு தகட்டிலிருந்து விடுபட்டு அசையத் தொடங்குகிறது. கரைப்பதற்கென்றே ஒரு படலத்தை இடும் இந்த முறையால், எந்தத் திருகும் இணைப்பும் இல்லாமல், ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒரே தகட்டில் ஒரே நேரத்தில் விளைகின்றன. 1988-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் இவ்வாறு செய்த மின்மோட்டாரின் சுழலி, மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விட்டமே கொண்டது. மின்னாலும் அசைவாலும் ஒருங்கே இயங்கும் இத்தகைய நுண்ணமைப்புகளுக்கே மெம்ஸ் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் வாகனங்களின் காற்றுப் பைகளுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த முடுக்கமானியும் இந்த வகையைச் சேர்ந்ததே. மெல்லிய சிலிக்கான் வில்களில் தொங்கும் ஒரு நுண்கட்டி, வண்டி திடீரென மோதி நிற்கும்போது சற்றே முன்னகர்வதை மின்தேக்குத்திறனின் மாற்றமாக அளந்து, பை விரிய வேண்டிய கணத்தைச் சொல்லும் கருவி அது. இன்று கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புவது அதே வகைக் கருவியால்தான்.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. படலங்கள் அனைத்தும் சில மைக்ரோமீட்டர் தடிமனே கொண்டவை. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே விளையும் கருவி எதுவாயினும் அது தட்டையானதாகவே இருந்தது. உயரம் தேவைப்படும் கண்ணாடி, கால், இறக்கை போன்றவற்றை அவ்வழியில் செய்ய இயலவில்லை. பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்துகொண்டிருந்த பிஸ்டர் இதற்குக் கண்ட தீர்வு கீல். கதவின் கீலில் உள்ளதுபோன்ற ஊசியையும் அதைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தையும் இரு சிலிக்கான் படலங்களில் செதுக்கி, இடையிலிருந்த ஆக்சைடைக் கரைத்ததும், தகட்டோடு தகடாகக் கிடந்த பலகையை நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் நெம்பி நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்த முடிந்தது. 1992-இல் வெளியான இந்த ஆய்வு, தட்டையாக அச்சிட்டுப் பின்னர் மடித்து நிமிர்த்துவது என்னும் உத்தியை நுண்கருவித் துறைக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்த பிஸ்டர், அங்கிருந்த மிங் வூ என்பவருடன் சேர்ந்து, கீலில் நிமிரும் வில்லைகளைச் சில்லின்மேல் நிறுத்தி ஒளிக்கதிரைக் கையாளும் சோதனைகளிலும் ஈடுபட்டார். 1990-களின் பிற்பகுதியில் அவர் பெர்க்லிக்கே திரும்பினார்.

அறிவுள்ள தூசித் திட்டத்தின் கடினம் எங்கே இருந்தது என்பதை விளக்க ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள மின்கலத்தில் ஏறத்தாழ ஒரு ஜூல் ஆற்றல் அடங்கும். அதை ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்குப் பகிர்ந்தால் கிடைப்பது சுமார் 12 மைக்ரோவாட். வாட்டில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு. கைக்கடிகாரத்தின் மின்சுற்று வாழக்கூடிய அளவு இது. அன்றைய வானொலிச் சில்லு எதுவும் இதில் வாழ முடியாது. பிஸ்டர் குழுவினர் 2001-இல் எழுதிய கட்டுரையில் தந்த மதிப்பீட்டின்படி, 32 இருமக் கணக்கு ஒன்றைச் செய்ய நானோ ஜூல் ஒன்று போதும். ஆனால் அக்காலப் புளூடூத் வானொலியில் ஒரே ஒரு இருமத்தை அனுப்பவே 100 நானோ ஜூல் செலவாகும். சிந்திப்பது மலிவு, பேசுவதே செலவு என்றாகிவிட்ட இந்த நிலை, அன்று தொடங்கி இன்றுவரை இத்துறையின் ஒவ்வொரு முடிவிலும் செல்வாக்குச் செலுத்திவருகிறது.

பேச்சின் செலவைக் குறைக்க அக்குழு முதலில் நாடியது ஒளியை. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடிகள் ஒரு மூலையில் கூடினால், அம்மூலைக்குள் விழும் ஒளிக்கதிர் மூன்றிலும் பட்டு வந்த திசைக்கே திரும்பும். சாலையோரத்திலும் மிதிவண்டியின் பின்புறத்திலும் உள்ள பிரதிபலிப்பான்களில் பயன்படும் பழைய தத்துவம் இது. பிஸ்டர் கண்ட கீல்களால் இத்தகைய மூலையைச் சில்லின்மேலேயே நிமிர்த்தலாம். மூன்றில் ஒரு கண்ணாடியைச் சிறிது சாய்த்தால் ஒளி திரும்பாது, நேராக்கினால் திரும்பும். தொலைவிலிருந்து ஒருவர் லேசரை வீச, தூசி தன் கண்ணாடியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் செய்தி சொல்லலாம். ஒளிக்கான ஆற்றல் முழுவதையும் கேட்பவரே கொடுத்துவிடுவதால், தூசிக்குக் கண்ணாடியை அசைக்கும் செலவு மட்டுமே மிஞ்சும். இதன் வேறொரு வகையாக, சராசரி 2 மில்லிவாட்டுக்கும் குறைந்த ஒளியை வெளியிடும் லேசரைக் கொண்டு 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் செய்தி அனுப்பி, அதை ஒளிப்படக் கருவியால் படித்துக் காட்டினர். 2002-இல் அக்குழு உருவாக்கிய ஒளி உணரியும் முடுக்கமானியும் கொண்ட சூரிய மின்கலத் தூசி ஒன்றின் பருமன் 16 கன மில்லிமீட்டர். இலக்கைவிடப் பெரியதாயினும் வியக்கத்தக்க சாதனைதான். ஆயினும் ஒளிவழித் தொடர்புக்கு நேர்ப்பார்வை வேண்டும். இலைக்குப் பின்னால் விழுந்த தூசியும், தவறான கோணத்தில் சாய்ந்து கிடக்கும் தூசியும் ஊமையாகிவிடும். அழகான அந்த உத்தி ஆய்வுக்கூடத்தை விட்டு வெகுதூரம் போகாததற்கு இதுவே காரணம்.

இதற்கிடையில், முழுத் தூசி கைக்கு வரும்வரை காத்திராமல், கடையில் கிடைக்கும் உதிரி உறுப்புகளைக் கொண்டே அதன் பெரிய உருவத்தைச் செய்து பார்ப்போம் என்று எடுக்கப்பட்ட முடிவு, இத்துறையின் போக்கையே மாற்றியது. தீப்பெட்டி அளவுள்ள அக்கருவிகளை 'மோட்' என்று அழைத்தனர். அவற்றுக்கென்றே, சில கிலோபைட் நினைவகத்தில் ஓடக்கூடிய டைனிஓஎஸ் என்னும் இயங்குதளத்தைப் பெர்க்லிக் கணினி அறிவியல் பேராசிரியர் டேவிட் கல்லரின் குழு எழுதியது. 2001 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் உள்ள டுவென்டிநைன் பாம்ஸ் படைத்தளத்தில், ஆளில்லாச் சிறு விமானம் ஒன்று இத்தகைய மோட்களைச் சாலையோரமாகப் போட்டுச் சென்றது. விழுந்த மோட்கள் ஒன்றையொன்று கண்டறிந்து, கடிகாரங்களை ஒத்திசைத்துக்கொண்டு, கடந்துபோன வண்டிகளின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கிய சிறு மாற்றத்திலிருந்து அவற்றின் வேகத்தையும் திசையையும் கணித்து, மீண்டும் மேலே பறந்துவந்த விமானத்திடம் தெரிவித்தன. மறு ஆண்டில் மெய்ன் மாநிலக் கடலோரத்தின் கிரேட் டக் தீவில், கல்லரும் இன்டெல் நிறுவன ஆய்வாளர்களும் 32 மோட்களை நிறுவி, பெட்ரல் என்னும் கடற்பறவைகளின் மண்வளைகளில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும், பறவைகளைக் கலைக்காமல், இணையம் வழியே பார்த்தனர். போர்க்களத்துக்கென நிதி பெற்ற கருவி பறவைக் கூட்டுக்குள் போய் அமர்ந்ததில் ஒரு நயம் இருக்கிறது.

2002-இல் பிஸ்டர் தொடங்கிய டஸ்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கதையில் உலகத்துக்கு நேரடியாகப் பயன்பட்ட பகுதி இதுவே. தொழிற்சாலை ஒன்றில் குழாய்களின் அழுத்தத்தையும் கலன்களின் வெப்பத்தையும் அளக்கும் உணரிகளுக்குக் கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவு, பல வேளைகளில் உணரியின் விலையையே மிஞ்சிவிடும். கம்பியில்லா உணரி இருந்தால் நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை மின்கலம் மாற்றவேண்டிய உணரியையோ, நூற்றில் ஐந்து செய்திகளைத் தொலைத்துவிடும் உணரியையோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எவரும் நம்பமாட்டார்கள்.

முதற்சிக்கல் மின்கலம். மோட்டின் வானொலி, அனுப்பும்போது செலவிடும் அளவுக்கு ஏறத்தாழ அதே ஆற்றலைக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்போதும் செலவிடுகிறது. 20 மில்லியாம்பியர் உறிஞ்சும் வானொலியை 2,000 மில்லியாம்பியர் மணி கொள்ளும் மின்கலத்தோடு இணைத்து இடைவிடாமல் கேட்கவைத்தால், நூறு மணி நேரத்தில், அதாவது நான்கே நாளில், மின்கலம் தீர்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் அதே மின்கலம் ஓராண்டுக்கு மேல் வரும். ஆனால் பேசுபவர் எப்போது பேசுவார் என்று தெரியாமல் கேட்பவர் தூங்குவது எப்படி? பிஸ்டரும் அவர் கூட்டாளிகளும் கண்ட விடை காலத்தில் இருந்தது. வலையமைப்பின் எல்லா மோட்களும் ஒரே கடிகார நேரத்தைப் பகிர்ந்துகொண்டு, எந்த நொடித்துகளில் எது பேசும், எது கேட்கும் என்பதை முன்கூட்டியே அட்டவணையாக வகுத்துவிட்டால், தனக்கு உரிய கணத்தில் மட்டும் விழித்து மற்ற நேரமெல்லாம் உறங்கலாம். மோட்டிலுள்ள குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகக்கூடியது என்று கொண்டால், நூறு விநாடியில் ஒரு மில்லி விநாடி விலகும். அண்டை மோட்டோடு பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு செய்தியும் அந்த விலகலைத் திருத்தும் வாய்ப்பாகவும் பயன்படுவதால், கடிகாரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதே இல்லை.

இரண்டாம் சிக்கல் நம்பகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்; இரும்புக் கலன்களிலும் குழாய்களிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வரும் அலைகள், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் மீண்டும் கேட்கும்; ஆனால் உணரியை யார் தள்ளி வைப்பது? அலைவரிசையை மாற்றினாலும் அதே பயன் கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு செய்திக்கும் 16 அலைவரிசைகளுக்குள் வேறொன்றுக்குத் தாவும்படியும், ஒரு பாதை அடைபட்டால் அண்டை மோட் வழியாகச் செல்லும்படியும் முறை வகுக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒரு செய்திகூடத் தொலையாத வலையமைப்பு இவ்வாறு சாத்தியமாயிற்று. இந்த அணுகுமுறை 2007-இல் தொழிற்சாலைகளுக்கான வயர்லெஸ்ஹார்ட் தரநிலையிலும், பின்னர் 2012-இல் ஐஇஇஇ அமைப்பு வெளியிட்ட பொதுத் தரநிலையிலும் இடம்பெற்றது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் பனியின் ஆழத்தை அளந்து, கோடையில் எவ்வளவு நீர் இறங்கிவரும் என்று மதிப்பிட உதவும் உணரி வலையமைப்பிலும் இந்த மோட்களே பயன்பட்டன. 2011-இல் லீனியர் டெக்னாலஜி இந்நிறுவனத்தை வாங்கியது. 2017-இல் லீனியரை அனலாக் டிவைசஸ் வாங்கிக்கொண்டது. காற்றுப் பை முடுக்கமானியால் மெம்ஸ் துறைக்குச் சந்தையைத் திறந்துவிட்ட அதே நிறுவனத்தின் கைக்குத் தூசியும் வந்து சேர்ந்தது.

விற்பனைக்குப் போன மோட் எதுவும் தூசியளவில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உருவத்தால் அடைய எண்ணிய வெற்றியைப் பிஸ்டர் ஒரு கால அட்டவணையால் அடைந்தார்; இதைத் தோல்வியென்று சொல்வோர் உண்டு, ஆனால் ஆலைப் பொறியாளருக்குத் தேவைப்பட்டது சிறுமையன்று, பத்தாண்டு கைவைக்கத் தேவையில்லாத உணரிதான்.

தூசியை அசையவைக்கும் முயற்சி, வலையமைப்பு வேலைக்கு இணையாக, ஆனால் அதைவிட மிக மெதுவாக நடந்துவந்தது. நுண்ரோபோக்களைப் பற்றிய எண்ணம் பிஸ்டருக்கு முந்தியது. எம்ஐடியில் ரோட்னி புரூக்ஸும் அனிதா ஃபிளினும் 1989-இலேயே, விலையுயர்ந்த ஒற்றை விண்கலத்துக்குப் பதிலாக மலிவான சிறு ரோபோக்கள் பலவற்றைக் கோள்களுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருந்தனர். ஃபிளின் பின்னாளில் பெர்க்லிக்கு வந்து பிஸ்டர் குழுவின் ரோபோ வேலையிலும் பங்கெடுத்தார்.

இந்த முயற்சி மெதுவாக நடந்ததற்குக் காரணம் அளவிலேயே இருக்கிறது. ஒரு பொருளின் நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், அதன் பரப்பு நூறில் ஒன்றாகவும் எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையும். எடை இப்படிச் சரசரவென்று இறங்கிவிடுவதால்தான் எறும்பு தன்னைவிடப் பன்மடங்கு கனத்தைத் தூக்குகிறது. ஆனால் பரப்பைச் சார்ந்த உராய்வும் ஒட்டலும் அதே வேகத்தில் குறைவதில்லை என்பதால், நுண்ணுலகில் சக்கரமும் அச்சும் உருளாமல் ஒட்டிக்கொண்டு தேய்கின்றன. வழக்கமான மின்மோட்டாரின் காந்தச் சுருள்களும் இவ்வளவு சிறிய அளவில் வலுவிழந்துவிடும். இதற்கு மாறாக, மின்னேற்றம் பெற்ற இரு தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் நிலைமின்விசை, தகடுகளின் இடைவெளி பாதியானால் நான்கு மடங்காகிறது. சிலிக்கானில் இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் இடைவெளியை எளிதில் செதுக்கலாம். விசை பெரிது, ஆனால் நகர்வோ அந்த இரண்டு மூன்று மைக்ரோமீட்டர்தான். இவ்வளவு சிறிய நகர்வைக் கொண்டு காலை எப்படித் தூக்குவது?

பிஸ்டரின் மாணவர்கள் இதற்குக் கையாண்ட மோட்டாரில் ஒரு நீண்ட தண்டும், அதைப் பற்றி இழுக்கும் இரு பற்களும் உண்டு. ஒரு பல் தண்டைப் பிடித்து இரண்டு மைக்ரோமீட்டர் இழுத்து நிறுத்தும்போது மற்றது விட்டு முன்னே சென்று பிடிக்கும். கிணற்றில் வாளி நழுவிவிடாமல் இரு கைகளையும் மாற்றி மாற்றிக் கயிறு இழுப்பதைப் போன்றது இது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு இழுத்தால் தண்டு கண்ணுக்குத் தெரியும் அளவு நகரும். இடையில் நின்றாலும் பிடி விடாது, நிற்பதற்கு ஆற்றலும் ஏறத்தாழத் தேவையில்லை. செத் ஹோலர் என்னும் மாணவர் 2003-இல் காட்டிய ரோபோவில், இத்தகைய மோட்டார்களும் கால்களும் ஒரு சில்லிலும், சூரிய மின்கலங்கள் இன்னொன்றிலும், எந்த மோட்டார் எப்போது இயங்க வேண்டும் என்று கட்டளையிடும் சுற்று மூன்றாவதிலும் இருந்தன. முழு எடை 10 மில்லிகிராம், நீளம் 8.5 மில்லிமீட்டர். வெளிக் கம்பி எதுவுமின்றி, மேலே விழும் ஒளியை மட்டும் உண்டு, அது தன்னைத்தானே தூக்கி இறக்கியது. பக்கவாட்டில் சற்று இழுத்து நகர்ந்தது. நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தன் உணவைத் தானே தேடிக்கொண்டு அசைந்த சிலிக்கான் உடல் என்ற அளவில் அது ஓர் அரிய முன்னுதாரணம்.

நடப்பது இவ்வளவு கடினமாயின் குதிக்கலாமே என்று எண்ணியவர் சாரா பெர்க்பிரைட்டர். சில மில்லிமீட்டர் உயரமுள்ள உடலுக்குப் புல்லின் தாள்கூட மதில்தான் என்பதால் அவ்வெண்ணத்தில் நியாயம் இருந்தது. தெள்ளுப்பூச்சி தன் உடலில் மீள்தன்மையுள்ள புரதத்தை அழுத்திவைத்து ஒரே நொடியில் விடுவிப்பதுபோல், மோட்டாரால் நுண்ணிய ரப்பர் இழையை மெதுவாக இழுத்துவைத்துத் திடீரென விடும் அமைப்பை அவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கினார். பின்னர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். டேனியல் ட்ரூ என்னும் மாணவர் இன்னும் வேறு திசையில் போனார். அசையும் உறுப்பே இல்லாமல், உயர் மின்னழுத்தத்தால் காற்றின் மூலக்கூறுகளை மின்னேற்றி, அவற்றைக் கீழ்நோக்கி விரட்டுவதால் பிறக்கும் எதிர்விசையில் எழும்பும் பறப்பான் அவருடையது. சுமார் 2 சென்டிமீட்டர் அகலமும் 30 மில்லிகிராம் எடையும் கொண்ட அது, 37 மில்லிகிராம் உணரியையும் சுமந்துகொண்டு எழுந்தது. ஆனால் அதற்கு வேண்டிய இரண்டாயிரம் வோல்ட்டைத் தரும் கருவியைச் சுமக்க அதனால் முடியவில்லை. மெல்லிய கம்பிகள் தரையிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசென்றன. பெர்க்லியில் ரொனால்ட் ஃபியரிங்கிடம் பயின்று ஹார்வர்டுக்குச் சென்ற ராபர்ட் வுட் உருவாக்கிய புகழ்பெற்ற ரோபோத் தேனீயும் 2013-இல் கட்டுப்பாட்டோடு பறந்தபோது கம்பியோடுதான் பறந்தது. 2019-இல் சூரிய மின்கலத்தோடு கம்பியின்றி எழும்பியபோது, செறிந்த செயற்கை ஒளியின் கீழ் சில கணங்களே அதனால் பறக்க முடிந்தது. பறப்பதா, நடப்பதா, குதிப்பதா என்னும் வேறுபாடுகளுக்கு அடியில் எல்லோரையும் கட்டிப்போட்டிருப்பது அந்த ஒற்றைக் கம்பிதான்.

கண்ணுக்குப் புலப்படாத உளவாளி என்ற அச்சம் இத்திட்டத்தைத் தொடக்கம் முதலே பின்தொடர்ந்தது. தனிமனித அந்தரங்கம் குறுகிவருவதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட பிஸ்டர், நன்மைகள் தீமைகளை வெகுவாக விஞ்சும் என்று தம் நம்பிக்கையைப் பதிவுசெய்தார். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்க, மக்களைக் கண்காணிக்கும் கருவி தூசியாக வரவில்லை. விலை கொடுத்து வாங்கி, இரவில் மின்னேற்றி, பகலெல்லாம் தாங்களே சுமந்து திரியும் கைப்பேசியாக வந்துவிட்டது. அதற்குள் முடுக்கமானி, சுழலுணரி, ஒலிவாங்கி எனப் பல மெம்ஸ் உணரிகள் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அஞ்சியவர்கள் தவறான திசையைப் பார்த்து அஞ்சினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் பிஸ்டர் குழு மீண்டும் ஒற்றைச் சில்லுக்கே திரும்பியிருக்கிறது. மோட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் கணினியும் வானொலியும் ஒரே சிலிக்கானுக்குள் அடங்கிவிட்டிருக்கும். அடங்க மறுப்பது குவார்ட்ஸ் படிகம். இயந்திர அதிர்வால் நேரத்தைக் காக்கும் அது சிலிக்கானில் விளையாது. தனியாகச் செய்து மின்சுற்றுப் பலகையில் பொருத்த வேண்டும், பலகை வந்தால் கம்பிகளும் பற்றாசும் வரும், பிறகு தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. படிகத்தை விட்டுவிட்டால் சிலிக்கானுக்குள்ளிருக்கும் அலையியற்றி வெப்பம் மாறும்போதெல்லாம் பத்து லட்சத்தில் பல ஆயிரம் பங்கு விலகும். வானொலித் தரநிலையோ பத்து லட்சத்தில் நாற்பது பங்குக்கு மேல் விலகலை அனுமதிப்பதில்லை. 2019-இல் வெளியிடப்பட்ட ஸ்கம் என்னும் சில்லு இதை வேறு வழியில் தீர்க்கிறது: படிகமுள்ள அண்டை மோட்கள் அனுப்பும் செய்திகளைக் கேட்டு, அவை வந்து சேரும் நேரத்தையும் அலைவரிசையையும் கொண்டு தன் அலையியற்றியை அவ்வப்போது திருத்திக்கொள்கிறது. கடிகாரங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் பழைய உத்தி, இங்கே ஒரு உறுப்பையே தேவையற்றதாக்கிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் அளவும் 0.3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இச்சில்லுக்கு நிரலை ஏற்றக் கம்பிகூடத் தேவையில்லை, ஒளித்துடிப்புகளால் ஏற்றலாம். பருமன் 1.8 கன மில்லிமீட்டர், எடை சுமார் 4 மில்லிகிராம். மின்கலம் இதில் சேரவில்லை.

இச்சில்லை மூளையாகவும், ஒளியிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கும் இன்னொரு சில்லை வயிறாகவும் கொண்டு, நிலைமின் மோட்டார்களால் இயங்கும் கால்களோடு ஓர் உடலில் இணைப்பதே இப்போது நடந்துவரும் வேலை. 2018-இல் டேனியல் கான்ட்ரெராஸ் என்னும் மாணவர் காட்டிய ஆறுகால் வடிவத் திட்டத்தின் முதல் அடிகள் கம்பிகளின் துணையோடு எடுத்துவைக்கப்பட்டவை. மோட்டார்களுக்கு வேண்டிய மின்னோட்டம் மிகக் குறைவே என்பது சாதகம். மூன்று சில்லுகளையும் இணைக்கும் பற்றாசுத் துளிகளும் நுண்கம்பிகளும் சேர்க்கும் எடையைக் கால்கள் தாங்கியாக வேண்டும் என்பது பாதகம். மில்லிகிராம் மில்லிகிராமாக அக்கணக்கு இன்னும் போடப்பட்டுக்கொண்டிருக்கிறது.